ஒன்று, ஆறு, ஏழு, எட்டு

2023 மே 24 அன்று, செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு விண்கலம் பூமிக்கு ஒரு புதிரை அனுப்பியது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் எக்ஸோமார்ஸ் டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் என்ற அந்தக் கலத்திலிருந்து புறப்பட்ட ரேடியோ அலை சுமார் 16 நிமிடத்தில் பூமியை எட்டியது. அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கி, கலிபோர்னியாவின் ஆலன் தொலைநோக்கித் தொகுதி, இத்தாலியின் மெதிசினா ரேடியோ வானியல் நிலையம் ஆகிய மூன்றும் அதைப் பதிவுசெய்தன. டேனியேலா தெ பவுலிஸ் என்ற கலைஞரும் அவருடைய சிறு குழுவும் சேர்ந்து அந்தச் செய்தியை உருவாக்கியிருந்தார்கள். ‘விண்வெளியில் ஒரு குறி’ என்பது திட்டத்தின் பெயர். வேற்றுலகிலிருந்து உண்மையிலேயே ஒரு செய்தி வந்தால் மனிதர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்பதற்கான ஒத்திகை அது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்தக் குழுவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பதிவான தரவுகள் பொதுவில் வைக்கப்பட்டன. உலகெங்கிலுமிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் ஒன்றுகூடி வேலையைத் தொடங்கினார்கள்.

முதல் கட்டம் பத்து நாளில் முடிந்தது. விண்கலம் வழக்கமாக அனுப்பும் தகவல்களுக்கு நடுவே புதைந்திருந்த செய்தியைப் பிரித்தெடுத்து, பூச்சியமும் ஒன்றுமாகப் பக்கத்துக்கு 256 கட்டம் கொண்ட சதுரத்தில் அடுக்கியபோது ஒரு படம் கிடைத்தது. கருப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள், அவையும் ஐந்து கொத்துகளாக. விண்மீன் வரைபடம் என்று சிலருக்குத் தோன்றியது. விண்மீன் கூட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒலியாக மாற்றிப் பார்த்தார்கள், எதுவும் நிற்கவில்லை. படத்தைப் பெறப் பத்து நாள் போதுமாக இருந்தது. அதைப் படிக்க ஓராண்டு பிடித்தது.

முகம் தெரியாத ஒருவருக்குச் செய்தி எழுதுபவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் உண்டு. எந்தச் சொல்லையும் எந்த அளவையும் நம்ப முடியாது. மீட்டர், கிலோ, நொடி எல்லாமே மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அணுவின் கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை, அதாவது அணு எண், அப்படி அல்ல. ஹைட்ரஜனுக்கு ஒன்று, கார்பனுக்கு ஆறு, நைட்ரஜனுக்கு ஏழு, ஆக்சிஜனுக்கு எட்டு. எந்த விண்மீன் கூட்டத்தில் எண்ணினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்த உறுதி எளிதில் கிடைத்துவிடவில்லை. 1869இல் மெண்டலீவ் தனிமங்களைப் பெரும்பாலும் எடை வரிசையில்தான் அடுக்கினார். அணு எண் என்பது அட்டவணையில் எத்தனையாவது இடம் என்ற அளவில்தான் இருந்தது. எடைக் கணக்கு சில இடங்களில் இடறவும் செய்தது. கோபால்ட்டின் அணு எடை 58.93, நிக்கலுடையது 58.69. எடைப்படி நிக்கல் முந்த வேண்டும். வேதிப் பண்புகளோ கோபால்ட்டை முன்னே வை என்றன. 1913இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் தனிமங்களின் மீது எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, அவற்றிலிருந்து வெளிப்படும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே சீராகப் படியேறியது. அட்டவணையில் இருந்த வரிசை எண், அணுக்கருவின் மின்னேற்றமாகவே தெரியவந்தது. கோபால்ட் 27, நிக்கல் 28 என்று வழக்கு தீர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 27 வயதில், முதல் உலகப் போரின் கல்லிப்போலிப் போர்முனையில் மோஸ்லி கொல்லப்பட்டார். அறிவியலுக்கு அந்தப் போர் இழைத்த பெருங்கேடுகளில் அது ஒன்று.

விண்வெளிச் செய்திக்கு அணுவைச் சாவியாக்கும் யோசனையை முன்னெடுத்தவர் ஃபிராங்க் டிரேக். வேற்றுலக உயிர்களைத் தேடுவது குறித்து 1961இல் கிரீன் பேங்கில் ஒரு கூட்டம் நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களுக்கு அவர் 551 பூச்சியம்-ஒன்றுகள் கொண்ட ஒரு புதிரை அனுப்பிவைத்தார். 551 என்பது 19, 29 என்ற இரு பகா எண்களின் பெருக்கம். அதைக் கண்டுகொண்டால் சரியான செவ்வகத்தில் அடுக்கிப் படமாக்கலாம். படத்தில் கார்பன், ஆக்சிஜன் அணுக்களும் இருந்தன. பெர்னார்ட் ஆலிவர் என்ற பொறியாளர் அதை விடுவித்தார்.

1974 நவம்பர் 16 அன்று புவேர்ட்டோ ரிகோவின் அரசிபோ தொலைநோக்கியிலிருந்து, சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள எம்13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பப்பட்ட செய்தியும் இதே வழியில் வந்ததுதான். 23ஐ 73ஆல் பெருக்கினால் வரும் 1679 பிட்டுகள், மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம். முதலில் ஒன்று முதல் பத்து வரை எண்கள், இரும முறையில். அடுத்து 1, 6, 7, 8, 15 என்ற ஐந்து அணு எண்கள். கடைசி எண் பாஸ்பரஸ். இந்த ஐந்தும் இருந்தால் டி.என்.ஏ.வின் உறுப்புகளை எழுதிவிடலாம். ஆனால் இரும எண் முறையைப் புரிந்துகொள்ளாதவருக்கு அந்தச் செய்தியின் இரண்டாவது வரியே திறக்காது.

செவ்வாயிலிருந்து வந்த புதிர் அந்தத் தடையையும் நீக்கியிருந்தது. அது எண்ணை எழுதவே இல்லை, அணு எண் எத்தனையோ அத்தனை புள்ளிகளை வைத்தது. இந்த ஒரு தேர்வுக்காகவே அதை அரசிபோ செய்தியைவிட நேர்த்தியானதாகக் கொள்ளலாம். ஆனால் அந்தப் புள்ளிகளை எண்ணுவதற்கு முன்னால் ஒரு கதவு இருந்தது.

2024 ஜூனில் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகளும் அந்தக் கதவைத் திறந்தார்கள். கிடைத்த படம் முடிவான படம் இல்லை, ஒரு அசைவின் நடுவே உறைந்த ஒரு கணம் என்று அவர்கள் ஊகித்தார்கள். கட்டங்களாகப் பிரித்த பரப்பில், ஒவ்வொரு கட்டமும் தன் அக்கம்பக்கத்தைப் பார்த்து அடுத்த நொடி கருப்பா வெள்ளையா என்று மாறும் அமைப்புக்குச் செல்லுலார் ஆட்டோமேட்டான் என்று பெயர். கணிதவியலாளர் ஜான் கான்வே உருவாக்கி 1970இல் புகழ்பெற்ற ‘கேம் ஆஃப் லைஃப்’ இந்த வகை. விதி ஒன்றிரண்டுதான் இருக்கும், ஓடவிட்டால் உருவங்கள் பிறக்கும், நகரும், சிதறும். தந்தையும் மகளும் பல மணி நேரம், பல நாள் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். சிதறிக் கிடந்த புள்ளிகள் நகர்ந்து ஒன்றுகூடின. ஒன்று, ஆறு, ஏழு, எட்டு என்ற கணக்கில் புள்ளித் திரள்கள், அவை சேர்ந்த ஐந்து உருவங்கள். ஐந்தும் அமினோ அமிலங்கள்.

இந்த முறையில் ஒரு மூலக்கூறு எப்படித் தெரியும் என்பதற்கு, அமினோ அமிலங்களிலேயே மிக எளிதான கிளைசினை வைத்துப் பார்க்கலாம். நடுவில் ஆறு புள்ளித் திரள் ஒன்று, அதுதான் மையக் கார்பன். அதை ஒட்டி இரண்டு ஒற்றைப் புள்ளிகள், இரண்டு ஹைட்ரஜன். ஒரு பக்கம் ஏழு புள்ளி நைட்ரஜன், அதன் மேல் இன்னும் இரண்டு ஒற்றைப் புள்ளிகள். மறுபக்கம் இன்னொரு ஆறு, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டுகள், அவற்றில் ஒன்றின் நுனியில் மட்டும் ஒரு ஒற்றைப் புள்ளி. மொத்தம் பத்து அணு, நாற்பது புள்ளி. வேதியியல் படித்த எவரும் ஏழுக்கும் எட்டுக்கும் இடையே ஆறு நிற்பதைப் பார்த்ததுமே இது என்ன என்று சொல்லிவிடுவார்.

புரதங்களைக் கட்டும் கற்கள் அமினோ அமிலங்கள். அதனால் இவற்றைப் பார்த்ததும் உயிரின் அடையாளம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் உயிர் இல்லாத இடத்திலும் இவை உண்டாகும். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அடுத்த ஆண்டே நாசா ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவர்களில் ஒருவரான சிரில் பொன்னம்பெருமா இலங்கையின் காலியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று பிறகு வேதியியலுக்கு வந்தவர். 67பி என்ற வால்மீனிலும் ரொசெட்டா விண்கலம் கிளைசினைக் கண்டது.

உயிர் செய்ததா, கல்லில் தானாக விளைந்ததா என்று பிரித்தறிய வேதியியலாளர்கள் பார்ப்பது மூலக்கூறின் இடம் வலத்தை. கிளைசினைத் தவிர, புரதங்களில் வரும் மற்ற அமினோ அமிலங்களுக்கு, கண்ணாடியில் பார்ப்பதுபோல, இடக்கை உருவமும் வலக்கை உருவமும் உண்டு. பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடக்கை உருவத்தையே எடுக்கின்றன. மர்ச்சிசன் கல்லின் முதல் ஆய்வில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகக் கலந்து கிடந்தன. அவை பூமியின் மண்ணிலிருந்து ஒட்டியவை அல்ல என்று சொல்ல அதுவே பெரிய ஆதாரமாயிற்று. இந்த வேறுபாட்டை அணு எண்ணைக் கொண்டு சொல்ல முடியாது. இரண்டு உருவங்களிலும் அதே அணுக்கள், அதே இணைப்புகள், அதே எண்ணிக்கை. தட்டையான புள்ளிப் படத்தில் இதைக் காட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு குறி வேண்டும், அந்தக் குறியின் பொருளை இரு தரப்பும் முன்கூட்டியே அறிந்திருக்கவும் வேண்டும்.

செய்தியில் ஏன் இந்த ஐந்து அமிலங்கள், அனுப்புவதாகக் கற்பனை செய்யப்பட்ட தரப்பு இவற்றால் என்ன சொல்ல வருகிறது என்ற கேள்விகளை, செய்தியை உருவாக்கிய குழு படிப்பவர்களிடமே விட்டது. புதிரைத் திறந்தவர்கள் அடுத்து அதைத்தான் விவாதிக்கத் தொடங்கினார்கள்.