கடிகாரத்துக்கும் பல் பார்க்கணும்

சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்காம மாட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டோம். பழைய பாக்கெட் கடிகாரத்துக்கும் அதே நியாயம்தான்.

அப்பாரு வைத்திருந்த கடிகாரத்தை ஒரு வறட்சியில் விற்றுவிட்டோம். அதுபோல ஒன்று போன மாதம் டவுனில் பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டது. "வால்தமுங்க, நூறு வருஷப் பழசு, எட்டாயிரம்" என்றார் கடைக்காரர்.

பின்மூடியைத் திறக்கச் சொல்லி, செல்போனை எடுத்தேன். வால்தம், எல்ஜின் மாதிரி அமெரிக்கக் கடிகாரங்களில் உள்ளே இயந்திரத்தின் மேல் வரிசை எண் இருக்கும். அதைத் தேடினால் எந்த வருஷம் செய்தது என்று தெரிந்துவிடும். மூடியில் இருப்பது வேறு எண். அதை வைத்துத் தேடக்கூடாது.

வயசு சரிதான். ஆனால் கூட்டின் உள்விளிம்பில், இப்போது திருகு இருக்கும் இடம் போக, இன்னொரு இடத்திலும் திருகு அழுத்திய பழைய தழும்பு. கூடு விட்டுக் கூடு பாய்ந்த கடிகாரம்!

கடைக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். அவர் முன்னால் போனை எடுக்கக் கூச்சப்பட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தேடுவதுதான் நகரத்து நண்பர்கள் செய்கிற தப்பு. எட்டாயிரம் எனக்கு ஒரு மாசத் தக்காளிக் காசுங்க. வெறுங்கையோடு பஸ் ஏறினேன், வருத்தமில்லை.