படியெடுத்தலும் அழித்தலும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது, கல்லூரியின் பண்டைப் பெருமையையோ எம்மை ஆளாக்கிய ஆசிரியப் பெருமக்களின் அருங்குணங்களையோ பற்றி எழுதுவேனென எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுத என்னினும் தக்கார் பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கணினியிலே கோப்புக்களைப் படியெடுக்கும்போதும் அழிக்கும்போதும் நேரும் தாமதமே அது. விழா மலருக்கு இதுவும் ஒரு பொருளாமோ என நகைப்போர், இம்மலரின் புகைப்படப் பகுதியிலே சில ஆண்டுகள் ஏன் வெறுமையாய் உள்ளன என்பதை அறிந்தபின் நகைப்பாராக.

இம்மலருக்கெனப் பழைய மாணவர் பலர் தத்தம் வீடுகளிலிருந்து புகைப்படங்களைக் கொணர்ந்து தந்தனர். மாணவர் சிலர் பாடசாலை விட்டபின்னும் தங்கியிருந்து, அப்படங்களையும் பழைய சஞ்சிகைகளின் பக்கங்களையும் ஒவ்வொன்றாய் வருடியில் வைத்துக் கணினியிற் சேர்த்தனர். மூலப்படங்கள் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. சேர்ந்த கோப்புக்கள் ஏறக்குறைய 40,000. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவற்றை வெளியே செருகும் வன்தட்டு ஒன்றுக்குப் பெயர்க்கத் தொடங்கினோம். பச்சைப் பட்டை நகர மறுத்தது. இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றது. சற்றுப்பொழுதில் ஐந்து என்றது. பின் நாற்பது நிமிடம் என்றது. மீண்டும் ஐந்துக்கே போயிற்று. வாயிற்காவலர் திறப்புக்கோவையுடன் இருமுறை வந்து எட்டிப் பார்த்தார்.

"போதும் தம்பி, நிறுத்திக் கழற்றிவிடு, மிகுதியைத் திங்கட்கிழமை பார்ப்போம்."

"ஐயா, இன்னும் முடியவில்லையே."

"அது முடியாது. கழற்று."

இவ்வாறு சொன்னவன் யானே. திங்கட்கிழமை யான் வருமுன் வேறொருவர் வந்தார். வெளித்தட்டிலே கோப்புறை இருக்கக் கண்டார். வேலை முடிந்ததென்று கருதிக் கணினியில் எஞ்சியதை மீள்சுழற்சித் தொட்டிக்கும் அனுப்பாது நேரே அழித்துவிட்டார். அவரை யான் குறைகூறேன். பாதி அங்கும் பாதி இங்குமாய்க் கிடந்ததை அவருக்கு எழுதிவைக்காதது என் பிழை. எழுபதுகளின் விளையாட்டுப் போட்டிப் படங்களிற் பெரும்பகுதி அன்று போயிற்று. அவற்றுள் ஒரு பெட்டிப் படங்களைத் தந்த முதியவர் இரு திங்களுக்குள் காலமானார். பெட்டி எங்கே உளதென அவர்தம் மக்களுக்கும் தெரியவில்லை.

நிற்க. அந்தப் பச்சைப் பட்டை ஏன் அவ்வாறு நின்றது?

ஒரு கோப்பைப் படியெடுத்தல் என்பது அதன் உள்ளடக்கத்தை ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்திற் சொரிதல் மாத்திரம் அன்று. வகுப்பிற் புதிதாய்ச் சேரும் மாணவனை இடாப்பிற் பதிவதுபோல, புதிய கோப்பு ஒவ்வொன்றுக்கும் பெயர், திகதி, அளவு, தட்டில் அது இருக்கும் இடம் ஆகியவற்றைப் பதிதல் வேண்டும். வெற்றிடம் தேடி ஒதுக்குதல் வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் இடாப்புக் குழம்பாதிருக்க, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே வேறொரு குறிப்பில் எழுதுதலும் வேண்டும். விண்டோஸ் கையாளும் என்.ரி.எப்.எஸ். என்னும் ஒழுங்கிலே, கோப்பு ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 1,024 பைற்று அளவான பதிவு ஒன்று தலைமை இடாப்பில் உண்டு. கோப்புச் சிறு கடிதமாயினும் முழுநீளத் திரைப்படமாயினும் இப்பதிவு வேலை ஏறத்தாழ ஒன்றே.

கணக்கொன்று பார்ப்போம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வாசிக்கும் முனை ஓரிடம்விட்டு ஓரிடம் பெயர்ந்து, வேண்டிய பகுதி அதன்கீழ் வந்து சேர 12 மில்லிசெக்கன் வரை ஆகும் என்க. பத்துக் கிகாபைற்றுத் திரைப்படம் ஒன்று, செக்கனுக்கு 100 மெகாபைற்று வீதம் ஓடினால் 100 செக்கனில் முடியும். அதே பத்துக் கிகாபைற்று, 100 கிலோபைற்று அளவான 100,000 படங்களாய்ப் பிரிந்து கிடந்தால், படம் ஒன்றுக்கு முனை மும்முறை மட்டுமே பெயர்வதாய் வைத்துக்கொண்டாலும் 3,600 செக்கன், அதாவது முழுமையாக ஒரு மணித்தியாலம், பெயர்தலுக்கே கழிந்துவிடும். இதற்கு மேலாக நச்சுநிரற் காவல் மென்பொருள், வாயிலில் நின்று வருவோர் பையைத் திறந்து பார்க்கும் காவலர்போல, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும். பட்டை காட்டும் நேரம் மாறிக்கொண்டே இருந்ததற்கும் காரணம் இதுவே. கடந்த சில கணங்களின் வேகத்தை வைத்தே அது எதிர்காலத்தை ஊகிக்கின்றது; பெரிய கோப்பு வந்தால் மகிழ்ந்தும் சிறியவை வந்தால் சோர்ந்தும் பேசுகின்றது.

இத்தாமதம் பற்றிய பெருங்கூக்குரல் 2007இல் எழுந்தது. அவ்வாண்டு சனவரியில் மைக்கிரோசொவ்ற் நிறுவனம் பொதுமக்களுக்கு வெளியிட்ட விண்டோஸ் விஸ்ராவிலே, படியெடுத்தலும் அழித்தலும் முன்னைய எக்ஸ்பியினும் மந்தமாய் உள்ளன எனப் பலநாட்டார் முறையிட்டனர். அந்நிறுவனத்தின் அறிஞர் மார்க் ருசினோவிச் 2008 பெப்ரவரியில் இதன் காரணத்தை ஒளிக்காது எழுதினார். எக்ஸ்பியானது கோப்புக்களை முதலில் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, தட்டில் எழுதி முடியுமுன்னரே 'முடிந்தது' எனப் பெட்டியை மூடிவிடும். எஞ்சிய எழுத்துவேலை நம் கண்ணுக்குப் புலப்படாமற் பின்னால் நடைபெறும். விஸ்ராவோ நேரே தட்டில் எழுதி, இறுதிக் கோப்பும் தட்டில் ஏறிய பின்னரே முடிந்ததென்றது. போதாக்குறைக்கு, எவ்வளவு நேரமாகும் என்று சொல்லுமுன் 12 செக்கன் யோசித்தும் நின்றது. கூக்குரலின் விளைவாக, 2008இல் வந்த முதலாம் சேவைப்பொதியிற் பெரும்பாலும் பழைய முறைக்கே மீண்டனர்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கச்சேரியில் இரண்டு இலிகிதர் இருக்கின்றனர் என்க. ஒருவர் நம் விண்ணப்பத்தை வாங்கி இலாச்சியிற் போட்டுவிட்டு, "எல்லாம் சரி, போய் வாருங்கள்" என்கிறார். நாம் படலையைக் கடந்தபின்னரே எழுதத் தொடங்குகிறார். மற்றவர், பதிந்து கையொப்பமிடும் வரை நம்மை நிறுத்தி வைக்கிறார். முன்னவரைப் புகழ்ந்து பின்னவரை மாற்றலாக்கக் கேட்டவர்கள் நாம். விஸ்ராவின் முறையில் மெய்யாகவே மந்தமான இடங்களும் இருந்தன. அதனை யான் மறைக்கவில்லை. ஆயினும் மக்கள் வெறுத்தவற்றுள் ஒன்று, அது உண்மை சொன்னமையே. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டிலே, 'முடிந்தது' என்ற சொல்லுக்கும் மெய்யான முடிவுக்கும் இடையில் ஒரு நிமிடமேனும் இருத்தல் சிறு செய்தியன்று. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு தொட்டு, வெளியே செருகும் தட்டுக்களுக்கு விரைந்து கழற்றத்தக்க முறையே இயல்பாக அமைக்கப்பட்டுளது என்பது ஓர் ஆறுதல். ஆனால் பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றச் சொல்லும் என்போன்றாரை எந்தப் பதிப்பும் காவாது.

அழித்தலின் இயல்பு வேறு. தொட்டிக்கு அனுப்புதல் அதே தட்டினுள் பெயரும் இடமும் மாற்றுதல் மாத்திரமே. முற்றாய் அழிக்கும்போதும் கணினி உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. இடாப்பிற் பெயரை வெட்டி, அவ்விடம் வெறுமை எனக் குறிக்கின்றது. ஆதலின் ஒரு திரைப்படம் கண்ணிமைப்பிற் போகும். 40,000 படங்களோ ஒவ்வொரு பெயராய் வெட்டுண்ண வேண்டியிருத்தலின் நேரம் கொள்ளும். சுழலும் தட்டாயின், அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வழியுண்டு. புதிய திண்மநிலைத் தட்டுக்களிலோ, இவ்விடம் இனி வேண்டாம் என்று கணினி அறிவித்தவுடன் தட்டுத் தானே அதனைத் துடைத்துவிடும். எமது கணினியில் இருந்தது இவ்வகைத் தட்டே. மீட்கவல்லார் எனச் சொல்லப்பட்ட ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் ஒருநாள் வைத்திருந்து, பணமும் வாங்காது திருப்பித் தந்தார்.

விரைவான தட்டு ஒன்றை வாங்கினால் இவையெல்லாம் தீருமே என்பர் சிலர். முனை பெயரும் 12 மில்லிசெக்கன் தீரும் என்பது மெய். இடாப்பு வேலை தீராது. காவல் மென்பொருளின் சோதனையும் தீராது. மலிவான பென் றைவ் ஆயின், சிறு கோப்புக்களை எழுதுவதில் அது சுழலும் தட்டினும் சோம்பலாய் இருத்தலும் உண்டு. குறைக்கவேண்டியது கோப்புக்களின் தொகையையே. ஒரு வருடத்துப் படங்களை ஒரே சிப் கட்டாகக் கட்டி, அக்கட்டைப் படியெடுத்தால், ஆயிரம் பதிவுகள் செய்யும் இடத்தில் ஒரு பதிவு போதும். படங்கள் சிப்பிற் சுருங்கா என்று மாணவன் ஒருவன் என்னைத் திருத்தினான். உண்மையே; சுருக்குவதற்காகவன்று, சேர்த்துக் கட்டுவதற்காகவே அதனை வேண்டுகிறோம். எல்லாவற்றையும் ஒரே கட்டாக்குதலும் தகாது. கட்டுப் பழுதுபட்டால் யாவும் பழுது. பழைய பென் றைவ்களில் உள்ள எப்.ஏ.ரி.32 ஒழுங்கு, நான்கு கிகாபைற்றை எட்டும் கோப்பை ஏற்காது என்பதையும் நினைவில் வைத்தல் நன்று. கட்ட விரும்பாதோர்க்கு, விஸ்ரா தொட்டு விண்டோசுடன் கூடவே வரும் றொபோகொப்பி என்னும் கருவி உண்டு. தோற்றத்தில் அழகில்லை, ஆனால் இடையில் நின்றாலும், மீள ஏவும்போது முன்னரே சென்றவற்றை விடுத்து மிகுதியைத் தொடரும்.

இவற்றினும் யான் வற்புறுத்துவது, படியெடுத்தலையும் அழித்தலையும் ஒரே செயலாக்கும் 'பெயர்த்தல்' என்பதனைக் கல்லூரி ஆவணங்களைப் பொறுத்தவரை அறவே விலக்குதலாகும். ஒரே தட்டினுள் பெயர்த்தால் அஃது இடாப்பில் ஒரு திருத்தம், தீங்கில்லை. தட்டு விட்டுத் தட்டுப் பெயர்த்தலோ, ஒவ்வொன்றாய்ப் படியெடுத்து ஒவ்வொன்றாய் அழித்தலாம். நடுவில் நின்றால் எமக்கு நேர்ந்ததே நேரும். வெள்ளி மாலை படியெடுக்கத் தொடங்கி, இரவு முழுதும் அதன்போக்கில் விடலாம். பின்னர் இருபுறத்துத் தொகையையும் பைற்று அளவையும் ஒப்பிட வேண்டும்; எஸ்.எச்.ஏ.-256 முறையிற் கட்டு ஒவ்வொன்றுக்கும் எண் கணித்து ஒத்துப் பார்த்தால் மிக நன்று. அழிப்பவர் படியெடுத்தவராய் இருத்தல் ஆகாது. அழிக்கும் நாளும் வேறாகுக.

இது மிகை என்பார்க்கு ஒன்று நினைவூட்டுவேன். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றிய காலத்தில், ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்குதலே பதிப்பு வேலையின் பெரும்பகுதியாய் இருந்தது. பெயர்த்தெழுதியாயிற்றென்று பழைய ஏட்டை ஆற்றில் விட்டவர்களையும் நம் இலக்கிய வரலாறு அறியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. அங்கே தீ வைத்தவர் பிறர். எமது கணினியறையில் வடத்தைக் கழற்றச் சொன்னவனோ இக்கல்லூரியின் பழைய மாணவன்.

ஆதலின் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். முன்னர்ப் படங்கள் தந்தவர்கள் அவற்றை மீண்டும் ஒருமுறை கொணர்ந்து உதவுக. 1970 முதல் 1979 வரையான விளையாட்டுப் போட்டிப் படங்கள், சாரணர் படங்கள், வகுப்புப் படங்கள் எவரிடத்தேனும், வெளிநாட்டில் வாழ்வோரிடத்தேனும், இருப்பின் அறியத் தருக. சனிக்கிழமைகளிற் காலை ஒன்பது மணி முதல் மாணவர் இருவரும் யானும் கணினியறையில் இருப்போம். படத்தை நீங்கள் பார்த்திருக்கவே வருடி, இரு தட்டுக்களில் ஏற்றி, ஒப்பிட்டு, கையிலேயே திருப்பித் தருவோம். சற்று நேரமாகும், தேநீருக்கு ஒழுங்கு செய்துள்ளோம். திறப்புக்கோவை இப்பொழுது என்னிடம் உளது.