பிரதிநிதி 'நான்' என்று சொல்லக்கூடாது

மாதிரி அய்.நா. சபை என்றொரு விளையாட்டு கல்லூரிகளில் நடக்கிறது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு நாட்டைப் பங்கு வைத்துக் கொடுப்பார்கள். நாட்டின் பெயரெழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்து, அந்த நாடு என்ன பேசுமோ அதையே அவன் பேச வேண்டும். கோட்டும் டையும் கட்டாயம். ஆங்கிலமும் கட்டாயம். இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் உண்டு: 'நான்' என்ற சொல் வாயில் வரக்கூடாது. 'இந்தியாவின் பிரதிநிதி கருதுகிறார்' என்று தன்னைத்தானே படர்க்கையில் சொல்லிக்கொள்ள வேண்டும். தன்மையைப் படர்க்கையாக்க நன்னூலும் வழுவமைதியாக இடங்கொடுக்கும்; இங்கேயோ அதுவே சட்டம், பாத்துக்கிடுங்க.

எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்க மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நானும் போய் உட்கார்ந்தேன். ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். 'கோட்டு வாடகைக்குக் கிடைக்கும் மக்கா, நீ வந்து இரி, போதும்' என்றான் கூட்டாளி. பொருள் இனப்பாகுபாடு. எனக்கு வாய்த்த நாடு இந்தியா!

நான் வேதக்காரச் சாம்பவன். 1806இல் ரிங்கல்தோபே பாதிரியை மைலாடிக்கு வரவைத்த மகராசன் வேதமாணிக்கம் எங்க ஆள்தான். ஆனாலும் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் எங்களுக்கு இடமில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு, கிறித்தவத் தலித்துக்கு இன்றுவரை திறக்கவில்லை. இப்படிப்பட்டவன் கையில் கொடுத்த குறிப்பில் என்ன இருந்தது? 'சாதி என்பது இனம் அல்ல. அது எங்கள் உள்நாட்டு விவகாரம்.' காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, 'எங்க ஊருல நான்...' என்று தொடங்கினேன். தலைமை நாற்காலியிலிருந்த மாணவன் சுத்தியலால் தட்டினான். பிரதிநிதி தன் நாட்டின் நிலைப்பாட்டை விட்டு விலகுகிறாராம்.

அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். அசல் சபையில் நடந்ததைத்தான் அவன் நடித்துக் காட்டினான். 1965ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று அய்.நா. குழு 1996இல் சொன்னபோது, 'அடங்காது' என்று மறுத்ததும் இதே இந்தியாதான். 2001இல் டர்பன் மாநாட்டுக்குத் தலித் இயக்கத்தார் கடல் கடந்து போய் நின்றார்கள். வரைவில் இருந்த, வேலையையும் வம்சாவளியையும் வைத்துக் காட்டும் பாகுபாடு பற்றிய பத்தி, இறுதி அறிக்கையில் இல்லை. அடுத்த ஆண்டே அதே குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் சாதியைப் பெயர் சொல்லியே எழுதியது. தில்லிக்குக் காது கேட்கவில்லை.

'பிள்ளைகளுக்குப் பேச்சுத் தைரியம் வருதுல்லா?' என்கிறார்கள் சில நண்பர்கள். வரட்டும். ஆங்கிலமும் வேண்டும், கோட்டும் வேண்டும். அம்பேத்கர் போடாத கோட்டா? 1930இல் இரட்டைமலை சீனிவாசனோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தபோது, அவர் தன் மக்களின் பிரதிநிதியாகத்தான் பேசினார். 1946இல் அமெரிக்கக் கறுப்பர் தலைவர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்கள் அய்.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படியைக் கேட்டவரும் அவர்தான். நம்ம வழக்கையும் அங்கே கொண்டுபோகும் யோசனை அவருக்கு அப்போதே இருந்தது.

மன்றம் நடத்தும் பேராசிரியர்களிடம் கேட்கிறேன்: அடுத்த முறை டர்பன் 2001ஐயே பொருளாக வையுங்கள். இந்தியா அட்டையை மேல்சாதிப் பிள்ளை ஒன்றின் கையில் கொடுங்கள். எங்க பிள்ளைகளுக்கு நாடே வேண்டாம். டர்பனுக்குப் போன தலித்துகளாக அவர்கள் எழுந்து நிற்கட்டும், தமிழில் பேசட்டும், 'நான்' என்று தொடங்கட்டும்.