உபரி ஆகாத அன்பு

2018 ஜூன் திங்களில், பள்ளி திறந்தபின், திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் பகவான் இடமாற்றம் பெற்றார். மாணவர்கள் அவரைக் கட்டிப்பிடித்துக் கதறினர். மாற்றம் 10 நாள் நிறுத்தி வைக்கப்பட்டது. மாணவர் எண்ணிக்கைக்கு மிஞ்சிய ஆசிரியரை 'உபரி' என்கிறது நிர்வாகம். அக்கணக்கு பிழையன்று, ஆசிரியருக்கு ஏங்கும் பள்ளிகளும் உண்டன்றோ! ஆயினும், இராயபுரத்திலும் எண்ணூரிலும் விடியுமுன்னே கடலுக்கும் ஆலைக்கும் புறப்படும் பெற்றோரின் பிள்ளையைப் பகலெல்லாம் பெயர் சொல்லி அழைக்கும் பெரியவர் ஆசிரியரே. அவரை நேசிக்கும் பிள்ளையே அவர் பாடத்தையும் நேசிக்கிறது. எனவே, இடமாற்ற ஆணையைக் கோடை விடுமுறைக்கு முன்பே வழங்குதல் வேண்டும். பிள்ளைகள் முறையாக விடை கொடுப்பர். புத்தாண்டு வகுப்பில் புதியவரையும் மனமார ஏற்பர். அரசுக்கு இதனால் செலவு ஏதுமில்லை.