மணமேடைக்கு ஏற்ற பாட்டு



சில திங்களாக நமக்கு வரும் கடிதங்களில் வரன் பார்ப்பது பற்றிய வினாக்கள் குறைந்து, பாட்டுப் பார்ப்பது பற்றிய வினாக்கள் மிகுந்து வருகின்றன. திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்து நெடுங்காலமாகத் திருப்பதியில் வாழும் ஓர் அன்னையார் எழுதுகிறார்: "எம் மகள் கானடா நாட்டில் பணி புரிகிறாள். பிள்ளை வீட்டார் சித்தூரில் வாழும் தெலுங்கர். வரவேற்பின்போது மணமக்கள் இருவரும் கைகோத்து முதன்முதலாக ஆட வேண்டுமாம். பெண்ணுக்குக் கருநாடக இசையில் விருப்பம். பிள்ளைக்குச் சினிமாப் பாட்டில் விருப்பம். எங்களுக்கோ நாதசுரம் இல்லாமல் கல்யாணமே இல்லை. எதைத்தான் வைப்பது?"

மணமக்கள் ஆடுவதா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களை முதலில் அமைதிப்படுத்த விரும்புகிறோம். நம் கல்யாணங்களில் ஆடலும் பாடலும் இல்லாமலா இருந்தன? மாலை மாற்றும்போது மாமன்மார் மணமக்களைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடுவது ஆடலன்றி வேறென்ன? ஊஞ்சலில் இருவரையும் அமர்த்தி மெல்ல அசைத்துப் பெண்டிர் லாலி பாடுகின்றனர். மாலையில் நலங்கு வைத்து, தேங்காய் உருட்டி, ஒருவர் தலைமேல் ஒருவர் அப்பளம் உடைத்து, ஏசல் பாட்டுப் பாடிச் சிரிக்க வைக்கின்றனர். பலர் பார்த்திருக்க, கூச்சம் தெளியாத இருவரை ஒரு பாட்டின் துணையால் நெருங்கச் செய்வதே இவற்றின் நோக்கம். மேனாட்டார் தம் மணமக்களை விருந்தினர் நடுவே ஆடவிடுவதும் அதற்காகவே. ஆகையால் மகள் கேட்பது நம் நலங்குக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை என்று கொள்ளலாம்.

இனிப் பாட்டுக்கு வருவோம். இசை விருப்பம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மெட்டைப் பற்றியது. சொல்லை எவரும் கவனிப்பதில்லை. 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாசமலர்' படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய தோழிப் பாட்டை அறியாத தமிழர் இலர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்யாணப் பந்தல்களில் அது ஒலித்து வருகிறது. அப்படத்தின் கதையோ அண்ணனும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி உயிர் துறக்கும் சோகக் கதை! மறு ஆண்டே அது தெலுங்கில் 'ரக்த சம்பந்தம்' என்று எடுக்கப்பட்டது. இரண்டிலும் தங்கையாக நடித்தவர் சாவித்திரியே. தெலுங்குப் படத்திலும் தோழிமார் பாடும் மணப்பாட்டு உண்டு. தெலுங்கர் வீட்டுக் கல்யாணங்களில் அதுவும் அவ்வாறே ஒலிக்கிறது. சித்தூர்ப் பகுதியில் ஒரே தெருவின் இரு பந்தல்களில் இவ்விரு பாட்டுகளையும் நாம் கேட்டதுண்டு. இது நமக்கு மட்டும் உரிய விந்தையன்று. மேனாட்டுத் தேவாலயங்களில் மணப்பெண் நுழையும்போது வாசிக்கப்படும் புகழ்பெற்ற இசை, வாக்னர் என்னும் செருமானியர் இயற்றி 1850-இல் மேடையேறிய 'லோஹென்கிரின்' இசை நாடகத்தைச் சேர்ந்தது. அந்நாடகத்தில் மணம் நிகழ்ந்த அன்றிரவே தம்பதிகள் பிரிகின்றனர். முடிவில் பெண் இறந்து விழுகிறாள்.

கதையை மக்கள் மன்னித்துவிடுகின்றனர் என்று இதிலிருந்து தெரிகிறது. சொல்லை மன்னிப்பார்களா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. மெட்டு இனிமையாயிருக்கிறது என்பதற்காகப் பிரிவாற்றாமைப் பாட்டுக்கு ஆடிய இளந்தம்பதிகளை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் சிரித்துக்கொண்டே ஆடினர்; முன் வரிசையிலிருந்த பாட்டியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆதலால், பாட்டை முடிவு செய்யுமுன் முதலடி தொடங்கிக் கடைசியடி வரை ஒரு தாளில் எழுதி, வீட்டார் நடுவே உரக்கப் படித்துப் பாருங்கள். கலப்பு மணமாயின் மற்ற மொழியாருக்கும் பொருள் சொல்லுங்கள். இதற்குக் கால் மணி நேரம்கூடச் செல்லாது.

அன்னையாரின் மகளுக்குக் கருநாடக இசையில் விருப்பம் என்றமையால் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன் தாங்கி நாடறிய வாழ்ந்த இசைவாணர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898 முதல் 1975 வரை வாழ்ந்தவர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் மாணாக்கர். அவர் கச்சேரிகளில் பாடிப் புகழ் பரப்பிய தெலுங்குப் பாட்டு 'மதுரா நகரிலோ' என்பது. இராகம் ஆனந்தபைரவி. நம் பாட்டிமார் பாடிவந்த ஊஞ்சல் பாட்டுகளுக்கும் நலங்குப் பாட்டுகளுக்கும் மிக நெருங்கிய இராகம் அது. கேட்டவுடன் பந்தலின் மணம் வரும். தெலுங்குச் சொல், தமிழர் உள்ளத்தில் இடம் பெற்ற இராகம், சித்தூர்ப் பெயர் பூண்ட பாடகர் என்று இம்மூன்றும் இக்கல்யாணத்துக்கென்றே கூடினாற்போல் உள்ளன. நடனமணிகளும் அதற்கு ஆடிவருகின்றனர். பொருள் என்னவெனில், மோர் விற்கப் போகும் கோபிகை, குறுக்கே நிற்கும் கண்ணனை நோக்கி வழிவிடும்படி கெஞ்சுகிறாள். கல்யாணத்தன்றே பெண் பிள்ளையைப் பார்த்து வழிவிடு என்பதா என்று எவரேனும் வாதிடக்கூடும். அக்கெஞ்சலில் உள்ள குறும்பை அறிந்தவர் அவ்வாறு கூறார். நலங்கின் ஏசலும் அதுவும் ஒரே இனம்.

பிள்ளைக்குச் சினிமாப் பாட்டுத்தான் வேண்டுமெனில் அதற்கும் தடையில்லை. ஆனால் நடையைப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். ஆடிப் பழகாதவருக்கு மிக விரைந்த பாட்டும் ஆகாது. காலம் நீட்டிய விளம்பப் பாட்டும் ஆகாது. மேனாட்டு வால்ஸ் ஆட்டம் மூன்று எண்ணிக்கையில் அமைந்தது. நம் திசிர நடையும் மூன்றே. அந்நடையிலுள்ள பாட்டாயின் இருவரும் ஊஞ்சல்போல் அசைந்தாலே போதும், ஆட்டம் ஆகிவிடும். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டா. அதற்குமேல் விருந்தினர் பந்தி எப்போது என்று ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்குவர்.

தெய்வப் பாடல் வேண்டும் என்போருக்குத் திருப்பதியில் குறைவேது? 1408 முதல் 1503 வரை வாழ்ந்த தாளபாக்கம் அன்னமாசாரியார் வேங்கடவன்மீது பாடிய தெலுங்குச் சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுத் திருமலைக் கோயில் அறையொன்றில் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. இருபதாம் நூற்றாண்டிலேதான் அவை அச்சேறி, மெட்டமைக்கப்பெற்று நாடெங்கும் பரவின. அவற்றுள் மணப்பாட்டும் உண்டு, லாலியும் உண்டு. திருமலையில் நடக்கும் கல்யாண உற்சவத்தில் இன்றும் தாளபாக்கம் வமிசத்தாரே பெண் வீட்டாராக நின்று கன்னிகாதானம் செய்து வருகின்றனர். தமிழுக்கோ ஆண்டாள் நாச்சியார் தாம் கண்ட திருமணக் கனவைப் பாடிய 'வாரணமாயிரம்' இருக்கிறது. வைணவர் இல்லங்களில் மணமக்கள் தேங்காய் உருட்டும்போது அதனை ஓதுவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை ஆண்டுதோறும் பிரம்மோற்சவக் கருட சேவைக்காகத் திருமலைக்கு வருகிறது. தமிழ்நாட்டுப் பெண் வீட்டார் வேங்கடத்துக்குச் சீர் அனுப்புவதை இதனினும் அழகாக நாம் எங்கும் கண்டதில்லை.

நம் அன்னையார் கேளாத ஒரு செய்தியே நமக்குப் பெருங்கவலை தருகிறது. அது ஆட்டத்தைப் பற்றியதன்று, கெட்டிமேளத்தைப் பற்றியது. தமிழர் மணத்தில் முகூர்த்தம் என்பது தாலி கட்டும் நேரம். தெலுங்கர் மணத்திலோ, சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை மணமக்கள் ஒருவர் உச்சியில் ஒருவர் வைக்கும் நேரமே முகூர்த்தம்; மங்கல சூத்திரம் அதன்பின் வரும். இப்பகுதியில் இரு மொழியாரும் கலந்து வாழ்வது புதிதன்று. சித்தூர் மாவட்டமே 1911-இல்தான் அமைந்தது. அதற்குமுன் சித்தூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டின் பக்கம் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லை எத்தனை முறை மாறினும் சம்பந்தம் செய்துகொள்வது நின்றபாடில்லை. ஆயினும் கெட்டிமேளம் எப்போது என்பதை முன்கூட்டிப் பேசிக்கொள்ளும் சம்பந்திகள் மிகச் சிலரே.

ஒரு மண்டபத்தில் நாம் கண்டது இது. சீரகம் வெல்லம் வைக்கும்போது பிள்ளையின் தாய்மாமன் கையுயர்த்த, தவில் முழங்கிற்று. தாலி கட்டும்போது பெண்ணின் சிற்றப்பா கையுயர்த்தினார். மேளக்காரர் ஒருமுறை வாசித்தாயிற்றே என்று தயங்கினார். அவ்வேளையில் ஒலிபெருக்கிக்காரர் நல்லெண்ணத்துடன் ஒரு சினிமாப் பாட்டைத் தொடங்கிவிட்டார். தூணருகே அமர்ந்திருந்த பெண்ணின் பாட்டியார் கண்பார்வை மங்கியவர். கெட்டிமேளம் கேட்டால் அட்சதை தூவலாம் என்று கைந்நிறைய அரிசியுடன் காத்திருந்தார். எல்லாம் முடிந்து பெண் வந்து காலில் விழுந்தபோதும் அவ்வரிசி அவர் கையிலேயே இருந்தது. தும்மலோ தீச்சொல்லோ செவியில் விழாதிருக்கவே கெட்டிமேளம் என்பர் முன்னோர். கண் தெரியாதவர்க்கும் கூட்டத்தின் பின்னால் நிற்பவர்க்கும் மணம் நிறைவேறியதை அறிவிக்க அதனையன்றி வேறு கருவி இல்லை என்பதை நாம் அன்று அறிந்தோம்.

ஆகவே அன்னையாருக்கு நாம் எழுதிய மறுமொழி இது: வரவேற்பு மேடைப் பாட்டை மணமக்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள், பொருளை மட்டும் படித்துப் பாருங்கள். முகூர்த்த மேடைக்கு நாதசுரமே இருக்கட்டும். ஆந்திரத்தில் பிறந்து, தஞ்சைப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா போன்றோர் வளர்த்த கலை அது. அவ்வாத்தியத்துக்குத் தமிழ் வீடு, தெலுங்கு வீடு என்னும் வேற்றுமை தெரியாது. கெட்டிமேளம் இருமுறையும் முழங்க வேண்டுமென்று மேளத் தலைவரிடம் முதல் நாளே இரு வீட்டாரும் சேர்ந்து சென்று சொல்லுங்கள். அந்த அரை மணியில் ஒலிபெருக்கியின் இணைப்பைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். காலை முகூர்த்தமாயின் பூபாளமும் பிலகரியும் அவர்களே தொடங்குவர். தெலுங்கர் வழக்கப்படி நள்ளிரவு முகூர்த்தமாயின், நீலாம்பரி மட்டும் வேண்டாவென்று சொல்லிவையுங்கள்; விழித்திருக்கும் சிலரும் உறங்கிவிடக்கூடும். மேளக்காரருக்குப் பந்தியில் முதலிலேயே இலை போடுங்கள். விடியற்கால வண்டியைப் பிடிக்க அவர்கள் தவிலையும் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடி வருவதை நாம் பயணச்சீட்டு சாளரத்துக்கு உள்ளிருந்து பலமுறை பார்த்திருக்கிறோம்.