சல்லிசு டேப்லட்டும் சாகாத வாசிப்பானும்

மாசத்துக்கு ஒருத்தராவது இந்தக் கேள்வியோட வந்துடறாங்க. "தம்பி, நீ பொட்டி தட்டுறவன்தானே, ஏழாயிரம் எட்டாயிரத்துக்கு ஒரு டேப்லட் பாத்தேன். வாங்கலாமா? அது இருந்தா கிண்டில் எதுக்கு, அதுலயே புக்கும் படிச்சுக்கலாம்ல?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி தாவு தீந்து போச்சு. அதான் மொத்தமா ஒரு பதிவாவே போட்டுடறேன். இனிமே லிங்க் மட்டும் அனுப்பிச்சா போதும் பாருங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு (தூங்கிடாதீங்க மக்களே).

2007 நவம்பர்ல முதல் கிண்டில் வந்தப்ப விலை 399 டாலர். நாலே வருஷத்துல, 2011ல, அதே அமேசான் 199 டாலருக்கு கிண்டில் ஃபயர்னு ஒரு கலர் டேப்லட்டை இறக்குச்சு. 2015ல 50 டாலருக்கே ஒரு ஃபயர் டேப்லட் வந்துடுச்சு. "வாசிப்பான் கதை முடிஞ்சுது, சங்கு ஊதியாச்சு"ன்னு ஒவ்வொரு தடவையும் யாராவது எழுதிட்டுதான் இருந்தாங்க. சோனி 2014ல வாசிப்பான் கடையைக் கட்டினப்ப அவங்க சொன்னது பலிச்ச மாதிரிகூட இருந்துச்சு. ஆனா நடந்தது என்ன? 50 டாலருக்கு டேப்லட் வித்த அதே அமேசான் 2024 அக்டோபர்ல கலர் கிண்டில் உட்பட நாலு புது மாடலை ஒரே நேரத்துல அறிவிச்சுது. ஒண்ணு இன்னொண்ணை முழுங்கும்னா ரெண்டையும் ஒரே கடைக்காரன் எதுக்குய்யா விக்கணும்?

நம்ம ஊர் கதையும் இருக்கு. 2011 அக்டோபர்ல கபில் சிபல் வெளியிட்ட ஆகாஷ் டேப்லட் ஞாபகம் இருக்கா? மாணவர்களுக்கு 35 டாலர்ல டேப்லட்னு ஊரே பேசிச்சு. நான் அப்போ ஸ்கூல் பையன், நமக்கும் ஒண்ணு கிடைக்காதான்னு வாயைப் பொளந்துக்கிட்டு பேப்பர் படிச்சவன். உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ராம், அழுத்தினாத்தான் வேலை செய்யற ரெசிஸ்டிவ் தொடுதிரை. நோக்கத்துல தப்பே கிடையாது. ஆனா விலையை முதல்ல எழுதி வச்சுட்டு அதுக்குள்ள என்ன அடங்கும்னு அப்புறம் தேடினா இப்படித்தான் முடியும். 2012 நவம்பர்ல வந்த ஆகாஷ் 2ல ஒரு கிகாஹெர்ட்ஸ் பிராசசர், 512 எம்பி, கெப்பாசிட்டிவ் திரைன்னு நெறையவே தேத்தினாங்க. அதுக்குள்ள முதலாவது வாங்கின பேரு ஒட்டிக்கிச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். சல்லிசு டேப்லட்ல எங்க கை வைக்கிறாங்க?

1. மெமரி. ஆண்ட்ராய்ட் 13 வந்தப்ப குறைஞ்சது 2 ஜிபி ராம், 16 ஜிபி ஸ்டோரேஜ் வேணும்னு கூகுள் சொல்லுச்சு. இது தேர்வுல 35 மார்க் மாதிரி. பாஸ் ஆகலாம், ஆனா அதை வச்சுக்கிட்டு எங்கயும் சீட் கிடைக்காது. 16 ஜிபில பெரிய பங்கை சிஸ்டமே சாப்பிட்டுடும்.

2. அப்டேட். பேரு தெரியாத கம்பெனிங்க பெட்டியை வித்ததோட உறவை முறிச்சுக்கும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒவ்வொரு ஆப்பா "உங்க வெர்ஷனுக்கு நாங்க கிடையாது"ன்னு கையை விரிக்கும். ஹார்ட்வேர் உயிரோட இருக்கும், ஆனா பிரயோஜனம் இருக்காது.

3. திரை. இந்த விலைல வர்ற 8 இன்ச் டேப்லட்ல பொதுவா 1280க்கு 800 புள்ளி. கணக்குப் போட்டா இன்ச்சுக்கு சுமார் 189. அதே 10 இன்ச்னா 150 தான். இன்னிக்கு வர்ற நல்ல வாசிப்பான்ல 300. தமிழ் எழுத்துல சுழியும் கொம்பும் ஜாஸ்தி. "ணை"யும் "ளை"யும் சின்ன சைஸ்ல கலங்காம தெரியணும்னா இந்த வித்தியாசம் நல்லாவே உறைக்கும்.

இதெல்லாம் வெறும் ஸ்பெக் புலம்பல்னு நெனைக்காதீங்க. 2020 லாக்டவுன்ல எங்க சித்தப்பா, பொண்ணோட ஆன்லைன் கிளாஸுக்குன்னு ஆறாயிரம் ரூபா போட்டு ஒண்ணு வாங்கினார். அன்னிக்கு அவருக்கு வருமானமே இல்லாத நேரம். ஆறு மாசத்துல சார்ஜ் ஏறற ஓட்டை ஆட்டம் கண்டுச்சு. சர்வீஸ் சென்டர் நம்பர் போட்டா ரிங் போகுது, எடுக்க ஆளில்லை. மிச்ச வருஷத்தை அவ சித்தப்பாவோட ஃபோன்லதான் படிச்சா, அதுவும் அவர் வீட்ல இருக்கற நேரத்துல மட்டும். காசு இருக்கறவனுக்கு மட்டமான பொருள் ஒரு எரிச்சல், அவ்ளோதான். இல்லாதவனுக்கு அது ஒரு வருஷப் படிப்பு. "சும்மா சல்லிசா கிடைக்குதே"ன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வர்றது இதனாலதான்.

சரி, அப்ப வாசிப்பான்தான் உசத்தியா? அவசரப்படாதீங்க.

இ-இங்க் திரைக்குள்ள முடி தடிமனுக்கு குட்டிக் குட்டிக் குமிழ்கள். ஒவ்வொண்ணுலயும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோட இருக்கும். பக்கம் திருப்பும்போது மட்டும் கரண்ட் கொடுத்து எது மேல வரணுமோ அதை மேல இழுக்கும். அப்புறம் அது பாட்டுக்கு நிக்கும், கரண்ட் வேண்டாம். அதான் பேட்டரி வாரக்கணக்குல வருது. வெளி வெளிச்சம் பட்டு நாம படிக்கிறதால மொட்டை மாடி வெயில்லயும் பேப்பர் மாதிரி தெரியும். அதோட முக்கியமான குணம், அதுல வாட்ஸப் கிடையாது. நாவல்ல கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கிற நேரத்துல "குட்மார்னிங்" ரோசாப்பூ வந்து விழாது.

ஆனா தமிழ்ல படிக்கிறவங்களுக்கு ஒரு சிக்கல். கிண்டில்ல தமிழ்ப் புத்தகங்களை அமேசான் முறையா விக்க ஆரம்பிச்சதே 2016 டிசம்பர்லதான். அதுக்கு முன்னாடி பல கருவில கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு கூத்து நடக்கும். அந்தக் காலத்துலயே ஆறு இன்ச் திரைக்குன்னு தனியா பிடிஎஃப் செஞ்சு கொடுத்த ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் நண்பர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

அதைவிட பெரிய சிக்கல், நம்ம பொக்கிஷம் பாதிக்கு மேல ஸ்கேன் பண்ணின பக்கங்களா இருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம், ரெண்டுலயும் கொட்டிக் கிடக்கறது பெரும்பாலும் படங்கள். எழுத்தைப் பெருசாக்கினா வரி மடங்காது. ஆறு இன்ச் வாசிப்பானோட அகலம் ஒன்பது சென்டிமீட்டர், ஏ4 தாள் 21. பன்னெண்டு புள்ளி எழுத்து அஞ்சு புள்ளியா சுருங்கிடும். பூதக்கண்ணாடிதான் தேடணும். அதுவே 10 இன்ச் டேப்லட்டை நிமிர்த்திப் பிடிச்சா அகலம் 13 சென்டிமீட்டருக்கு மேல, கிட்டத்தட்ட பழைய கிரவுன் சைஸ் புத்தகத்தோட அளவு. இங்க டேப்லட்தான் ராஜா, ஒத்துக்கறேன்.

ஆக என் தீர்ப்பு இதுதான்:

நாவல், கட்டுரைன்னு வரி வரியா நெறைய படிக்கிற ஆளா? கொஞ்சம் பொறுத்து காசு சேத்து வாசிப்பான் வாங்குங்க. பழைய ஸ்கேன் புத்தகம், பசங்க பாடம், படம் போட்ட புத்தகமா? 10 இன்ச் டேப்லட், ஆனா அப்டேட் தர்ற கம்பெனியோடது. புதுசுக்கு காசு பத்தலைன்னா நம்பகமான இடத்துல பழசு. எப்பவாவது நாலு பக்கம் படிக்கிறவரா? கையில இருக்கற ஃபோனே போதும். பேரு ஊரு தெரியாத சல்லிசு டேப்லட்? எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் வேண்டாம்.

வாசிப்பானைத் தின்னது டேப்லட் இல்லை, அந்த ஃபோன்தாங்கறது என் கருத்து. எப்பவாவது படிக்கிறவங்க அதுக்குப் போயிட்டாங்க. விடாம படிக்கிற கூட்டம் சின்னதுதான், ஆனா நகராது.

கடைசியா ஒண்ணு. எந்தக் கருவி வாங்கினாலும் புத்தகம் உங்க கையில இருக்கான்னு பாருங்க. 2009ல அமேசான் ஆர்வெல்லோட 1984 நாவலை, வாங்கினவங்க கிண்டில்ல இருந்தே அழிச்சது (எந்தப் புத்தகத்துக்கு நடந்துச்சு பாருங்க!). 2025 பிப்ரவரில, வாங்கின மின்னூலை கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுக்கற வசதியையும் தூக்கிட்டாங்க. அதனால பூட்டில்லாத இபப் கிடைச்சா அதையே வாங்குங்க, ஒரு காப்பி தனியா எடுத்து வைங்க. கருவி அஞ்சு வருஷம் உழைச்சாலே பெரிசு. புத்தகம் அதுக்கப்புறமும் வேணும்ல?

டிஸ்கி: இதுல வர்ற எந்தக் கம்பெனியும் எனக்கு காசு கொடுக்கல. கொடுத்தா வாங்கிக்குவேனாங்கறது வேற பதிவு.