சந்தா கட்டினால் சோறு வேகுமா?

‘இனி என்ன சமைப்பது என்ற கவலை உங்களுக்கு வேண்டாம்’ என்றொரு வணிக முழக்கம் அண்மைக் காலமாக நம் செவிகளில் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது. மாதந்தோறும் ஒரு தொகை கட்டினால் போதும். திங்கள் முதல் ஞாயிறு வரை வேளைவாரியாகச் சமையல் பட்டியலும் செய்முறையும் கடையில் வாங்கவேண்டிய பொருள்களின் கணக்கும் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடும். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இது வரப்பிரசாதம் என்று நண்பர்கள் சிலர் வாதிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. இலக்கியம் பேசுமிடத்தில் இது என்ன பேச்சு என்று முகம் சுளிப்போர், அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை இன்னொரு முறை வாசித்துவிட்டு வரலாம். அடுப்படியைப் பற்றிய பேச்சு அதிகாரத்தைப் பற்றிய பேச்சும்தான் என்பதைத் தமிழ்ச் சிறுகதை எப்போதோ சொல்லிவிட்டது.

எம் குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குவதே நேர்மை. அக்கதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற நாமே, சென்ற ஆண்டு இத்தகைய சேவை ஒன்றுக்கு மூன்று மாதச் சந்தா கட்டினோம். எம் துணைவியார் வங்கியில் பணிபுரிகிறார். காலை எட்டரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். அவருடைய சுமையைப் பாதியாகக் குறைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு நாம் நாளிதழை விரித்து அமர்ந்தோம். முதல் செவ்வாயன்று பட்டியல் ‘அடை’ என்றது. அரிசியையும் பருப்பையும் முந்தைய இரவே ஊறப்போட வேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்தவர் அவர். மறுநாள் ‘முருங்கைக்கீரைப் பொரியல்’ என்றது. இரவு பத்து மணிக்கு அமர்ந்து கீரை உருவியவரும் அவரே. வெள்ளியன்று ‘காளான் பிரியாணி’ என்றது. அன்று அமாவாசை, எம் தாயார் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு வேறு சமையலை யோசித்தவர் யாரென்று சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாம் மாதத்தின் நடுவில் ஓரிரவு அவர் கேட்டார்: “என்னங்க, இதை எனக்காக வாங்கினீங்களா, உங்களுக்காக வாங்கினீங்களா? என்ன சமைக்கணும்னு எனக்குத் தெரியும். பருப்பை ஊறப்போடத்தான் ஒரு ஆள் வேணும்.”

அதற்கு எம்மிடம் விடையில்லை. அந்த விடையின்மையிலிருந்தே இக்கட்டுரை பிறக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குடும்பம் நடத்துவதில் மறைந்துகிடக்கும் மூளையுழைப்பை நான்காகப் பகுத்தார். தேவையை முன்கூட்டி உணர்தல், அதற்கான வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், எடுத்த முடிவு நிறைவேறுகிறதா என்று கண்காணித்தல் என்பன அவை. முதலாவதும் நான்காவதும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுகின்றன என்பதும், முடிவெடுக்கும் இடத்தில் ஆண்களும் வந்து அமர்ந்துகொள்கிறார்கள் என்பதும் அவர் கண்டவை. இப்போது அந்தச் சந்தாவை எடுத்துப் பாருங்கள். அது விற்பது நடுவிலுள்ள இரண்டை மட்டுமே. துவரம்பருப்பு தீரப்போகிறது என்பதை உணர்வது, பிள்ளைக்கு நாளை தேர்வு என்பதால் வயிற்றைக் கெடுக்காத உணவு வேண்டும் என்று நினைப்பது, மாமனாரின் சர்க்கரை அளவை மனத்தில் வைத்துக்கொள்வது, குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணுவது ஆகிய யாவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எளிதான பங்கை விலைகொடுத்து வாங்கிவிட்டுக் கடினமான பங்கை அவரிடமே விட்டுவிடுகிறோம். போதாக்குறைக்கு, உதவிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறோம்.

இது எம் ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய அரசின் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கென 2019இல் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டனர். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். 2024இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ வருவோர், ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருப்பதைக் காண்க. 202 நிமிடமாக இருந்த இடைவெளி 201 ஆகியிருக்கிறது. கைப்பேசிச் செயலிகள் பல்கிப் பெருகிய ஐந்தாண்டுகளில் ஒரே ஒரு நிமிடம்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் அடுப்படிகளில் திட்டமிடல் இல்லை என்ற எண்ணத்தின் மேல்தான் இவ்வணிகம் நிற்கிறது. ஞாயிறன்று ஆட்டிய மாவு திங்களன்று இட்லியாகிறது, புதனன்று தோசையாகிறது, சற்றே புளித்தபின் ஊத்தப்பமாகவோ பணியாரமாகவோ ஆகிறது. மிஞ்சிய குழம்பு மறுநாள் சுண்டக் குழம்பாகிறது. இரவில் நீரூற்றிய சோறு காலையில் பழையதாகிறது. ஒரு பொருளின் வாழ்நாளையே வாரத்தின் ஒழுங்காக மாற்றிய இந்த அறிவுக்கு மேலான பட்டியல் எது? எழுத்தில் வேண்டுவோர்க்கு மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951 முதல் இருந்துவருகிறது. ஒருமுறை விலைகொடுத்தால் ஆயுளுக்கும் போதும். மாதந்தோறும் கப்பம் கட்ட வேண்டியதில்லை.

பட்டியலால் யாருக்குமே பயனில்லை என்று நாம் வாதிடவில்லை. புதிதாகக் குடித்தனம் தொடங்கியோர்க்கும், மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பழகுவோர்க்கும் அது ஓரிரு மாதம் கைகொடுக்கக்கூடும். அதன்பின் அந்த வீட்டுக்குப் பிடித்த இருபது முப்பது உணவுகளே சுற்றிச் சுற்றி வரும். அவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினால் வேலை முடிந்தது. அதே பணத்துக்குக் கடையில் மாவு வாங்கினால் ஆட்டும் வேலையாவது மெய்யாகவே மிச்சம். வசதி உள்ளோர் சமையலுக்கு ஆள் அமர்த்தி நியாயமான ஊதியம் தரலாம்.

மெய்யான திட்டம் எப்படியிருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலமெங்கும் உள்ள அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவாக்கப்பெற்ற காலை உணவுத் திட்டத்திலும் கிழமைவாரியாகப் பட்டியல் உண்டு. அங்கே பட்டியலோடு அடுப்பும் வீட்டைவிட்டு வெளியேறுகிறது. பல ஊர்களில் சுய உதவிக் குழுப் பெண்கள் ஊதியம் பெற்றுச் சமைக்கிறார்கள். விடியலில் வேலைக்குப் போகும் தாய்க்கு ஒரு வேளையின் நினைப்பும் உழைப்பும் ஒருசேரக் குறைகின்றன. அந்த உப்புமாவையும் கிச்சடியையும் ஏளனம் செய்யும் நடுத்தர வர்க்கத்தார், தாம் காசு கொடுத்து வாங்கும் பட்டியலால் யாருடைய உழைப்பு எவ்வளவு குறைந்தது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

நாம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இப்போது செவ்வாயும் வியாழனும் அடுப்படி எம் பொறுப்பு. என்ன சமைப்பது என்று நினைப்பது முதல் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை அதில் அடக்கம். இருமுறை ஊறப்போட மறந்து உப்புமா கிண்டினோம். வாரத்தில் இரண்டே நாள் என்பது போதாது என்பதும் தெரியும்.

ஆகவே, சந்தா கட்டலாமா என்று எம்மைக் கேட்கும் ஆண் நண்பர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வோம். உங்கள் வீட்டில் உளுந்து எந்த டப்பாவில் இருக்கிறது, இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று துணைவியாரைக் கேட்காமல் சொல்ல முடிகிறதா? முடியாதெனில், பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் செல்லுங்கள். மாற்றுக் கருத்துடையோர் எழுதுக. விடை கூறக் காத்திருக்கிறோம், செவ்வாயும் வியாழனும் நீங்கலாக.